யாருக்குத் தொலைவு?

மனித சஞ்சாரமற்ற தீவு என்றொரு சொற்றொடர் நம் காலத்திற் பெரிதும் புழங்குகின்றது. அரிய பறவைகளையும் கடல்வாழ் உயிர்களையும் படம் பிடிப்போரின் நூல்களிலும், கண்காட்சி மண்டபங்களின் சுவர்களிலும், உல்லாசப் பயண நிறுவனங்களின் விளம்பரங்களிலும் அது திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றது. தொலைதூரத் தீவு, கைபடாத கடற்கரை, எவர் கண்ணும் காணாத பறவைக் கூட்டம் என்பன அதன் உடன்பிறப்புக்கள். தொலைவு என்பது ஓரிடத்திலிருந்து அளக்கப்படுவது. அளவுகோலின் மறுமுனை எங்கே ஊன்றப்பட்டிருக்கின்றது என்பதை இச்சொற்கள் சொல்வதில்லை. கொழும்பிலோ இலண்டனிலோ நின்று பார்ப்பவனுக்குத் தலைமன்னாருக்கு அப்பாலுள்ள மணற்றிட்டு தொலைவு. தலைமன்னார்க் கரையில் வாடி போட்டு வாழும் மீனவனுக்கு அது அன்றாடம் கண்ணிற் படும் இடம். அவனுக்குக் கொழும்புதான் தொலைவு.

இவ்வேறுபாட்டை வெறும் சொல்விளையாட்டென்று தள்ளிவிட முடியாது. அரிய உயிரொன்றைப் படம் பிடிப்பவன் அவ்வுயிருக்குக் கடன்படுகின்றானா? அவ்வுயிரோடு அதே மணலையும் அதே நீரையும் பங்கிட்டு வாழும் மனிதருக்குக் கடன்படுகின்றானா? இந்த ஒழுக்கப் பிரச்சினை தொலைவு என்ற அந்த ஒரு சொல்லிலேயே தொடங்கிவிடுகின்றது.

கடலே கண்ணிற் படாத மலைநாட்டுத் திகனயில் இருந்துகொண்டு கடற்பறவை பற்றி எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். ஆதாம் பாலம் என்றும் இராமர் அணை என்றும் வழங்கும் அந்த மணற்றிட்டுக்கள் மலையகத் தமிழருக்கு அந்நியமானவையல்ல. கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து திரட்டப்பட்டவர்கள் தோணியேறி மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து காடு வழியே கால்நடையாக மாத்தளைக்கும் கண்டிக்கும் ஏறினர். வழியிலே வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வீழ்ந்தவர் பலர். 1914ஆம் ஆண்டிலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பல் ஓடியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 மக்களை இந்தியாவுக்கு அனுப்புவதென்று, அம்மக்களை ஒரு வார்த்தை கேளாமலே இரு நாட்டுப் பிரதமர்களும் முடிவுசெய்தனர். அவ்வாண்டு டிசெம்பரில் புயலொன்று தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர் இராமேஸ்வரத்துக்குச் சென்ற கப்பலிலே, தகரப் பெட்டியும் குழந்தையுமாக ஏறிச் சென்றவர்களின் உறவினர் இன்றும் எங்கள் தோட்டங்களில் உள்ளனர். அந்தக் கடலைத் ‘தொலைதூரம்’ என்றும் ‘மனித சஞ்சாரமற்றது’ என்றும் ஒரு படத்தின் கீழ் எழுதியிருக்கக் காணும்போது, அங்கே சஞ்சரித்தவர்கள் மனிதர் கணக்கில் வரவில்லையோ என்ற ஐயம் எழுவது இயல்பன்றோ!

இருக்கட்டும். முதலிற் பறவையைப் பார்ப்போம்.

இலங்கையின் எல்லைக்குட்பட்ட அம்மணற்றிட்டுக்கள் 2015இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. அங்கே ஆலாக்கள் இனம்பெருக்குகின்றன. ஆலா கூடு கட்டுவதில்லை. வெறும் மணலிலே உள்ளங்கையளவு குழி செய்து முட்டையிடுகின்றது. முட்டையின் நிறமும் மணலின் நிறமே. நண்பகலில் மணல் கொதிக்கும் வேளையில் தாய்ப்பறவை முட்டையின் மீது நிற்பது சூடு கொடுப்பதற்கன்று, நிழல் கொடுப்பதற்கு. சில இன ஆலாக்கள் கடலுக்குச் சென்று வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. மனிதன் நெருங்கினால் கூட்டம் முழுவதும் ஒரேயடியாக எழும்பிக் கூச்சலிட்டுச் சுழலும். நீல வானத்தில் நூற்றுக்கணக்கான வெண்சிறகுகள்! படம் பிடிப்போர் பெரிதும் விரும்புவது அந்தக் கணத்தையே. அந்தக் கணத்தில் கீழே முட்டைகள் வெயிலில் வெந்துகொண்டிருக்கின்றன. காகமும் கடற்புறாவும் காத்திருக்கின்றன. பத்து நிமிடம் போதும். நாம் மண்டபத்தில் நின்று வியக்கும் அழகு, அஞ்சி ஓடும் உயிர்களின் அழகு. அதற்கு விலை கொடுத்தவை படத்தில் இல்லை.

‘துப்பாக்கி உயிரைக் கவர்கின்றது, கமரா ஒளியை மாத்திரமே கவர்கின்றது; ஒளியைக் கவர்வதால் எவருக்கு நட்டம்?’ என்று கேட்போர் உளர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கப்டன் வின்சன்ற் லெக் 1880இல் எழுதி முடித்த இலங்கைப் பறவைகளின் வரலாறு இன்றும் மதிப்புக்குரிய நூல். எனினும் அக்காலத்தில் ஒரு பறவையை ஆராய்வதென்றால் அதனைச் சுட்டு வீழ்த்தித் தோலை உரித்துப் பாடம் பண்ணுவது என்றே பொருள். 1892இல் இங்கிலாந்திலே கியர்ட்டன் சகோதரர்கள் முட்டைகளோடு கூடிய பறவைக்கூடொன்றைப் படமெடுத்தபோது புதியதொரு வழி திறந்தது. கொல்லாமலும் அறியலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அது மனித நாகரிகத்தின் முன்னேற்றமே. ஆனால் பழைய தொழிலின் மொழி புதிய கருவியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் சுடுதல் என்ற வினையையே கமராவுக்கும் ஆளுகின்றனர். நாமும் படம் ‘எடுக்கின்றோம்’, படம் ‘பிடிக்கின்றோம்’. (பாம்பும் படம் எடுக்கின்றது, அது வேறு கதை.) எடுப்பதும் பிடிப்பதும் உடைமைக்குரிய வினைகள். அரிய பறவையைக் கண்டேன் என்று சொல்வதிலே நிறைவு காணாமல், அது என்னிடம் இருக்கின்றது என்று சொல்லும் ஆசை அவ்வினைகளில் ஒளிந்திருக்கின்றது. முன்னர் சுவரில் மான்தலை. இன்று சுவரில் ஆலா.

உடைமையின் இயல்பு போட்டி. ஒருவனிடம் உள்ளது மற்றவனிடம் இல்லாதிருந்தால்தான் அதற்கு மதிப்பு. எனவே ஓர் உயிர் அருகி வருவதே அதன் படத்தின் விலையை உயர்த்துகின்றது. அழிவின் விளிம்பில் நிற்பதைத் தேடி அதிகம் பேர் ஓடுகின்றனர். அதன் இருப்பிடம் கைத்தொலைபேசி வழியே ஒரு மாலைப்பொழுதில் ஊரெல்லாம் பரவுகின்றது. மறுநாட் காலையில் வாகனங்கள் வரிசையில் நிற்கின்றன. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுக்கின்றனர். தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டானென்று எண்ணி அது இரையையும் குஞ்சையும் விட்டு ஓடி வருகின்றது. இவர்களையெல்லாம் தீயவர் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் பறவையை நேசிப்பவர்களே. நேசம் உடைமையாகத் திரியும் இடத்தையே சுட்டுகின்றேன்.

வேறு வழி இல்லாமலில்லை. தீபால் வரக்காகொட என்னும் பறவையியலாளர் 1995இல் கித்துல்கல காட்டில் இரவிலே பழக்கமில்லாத ஒரு கூவலைக் கேட்டார். அது எப்பறவையின் குரலென்று தெரியவில்லை. 2001இல் சிங்கராஜ வனத்திலேதான் அப்பறவையைக் கண்ணாரக் கண்டார். 2004இல் அது உலகுக்குப் புதியதோர் ஆந்தையினம் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டது. முதற்குரலுக்கும் முதற்காட்சிக்கும் இடையே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள்! அந்த ஆறு ஆண்டுகளும் அவர் கையில் ஒன்றுமில்லை. காதிலே மாத்திரம் ஒரு குரல் இருந்தது. அறிவதற்கும் எடுத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

‘படம் எடுத்தால்தானே உலகம் அறியும், அறிந்தால்தானே காக்கும்’ என்பது அடுத்த வாதம். இதுவே வலிமையானது. இதை எதிர்கொள்ளப் பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஒரு சிறு தீவுக்குப் போகவேண்டும்.

ஹவாய்த் தீவுகளின் வடமேற்கே லைசன் என்னும் தீவு கிடக்கின்றது. பரப்பு ஏறத்தாழ நான்கு சதுர கிலோமீற்றர். உலகில் வேறெங்கும் இல்லாத பறவையினங்கள் அதில் வாழ்ந்தன. அவற்றுள் ஒன்று செந்நிறத் தேன்குருவி. முதலில் உரத்துக்காகப் பறவை எச்சத்தைத் தோண்டும் கம்பனி அங்கே வந்தது. பின்னர், சீமாட்டிகளின் தொப்பிகளுக்கு இறகு தேடி வந்தோர் இலட்சக்கணக்கான கடற்பறவைகளைக் கொன்றனர். 1903இல் முயலிறைச்சி வியாபாரம் செய்யும் எண்ணத்தோடு மக்ஸ் ஷ்லெமர் என்பவர் முயல்களைக் கொண்டுவந்து விட்டார். வியாபாரம் வளரவில்லை; முயல்கள் வளர்ந்தன. இருபது ஆண்டுகளில் தீவின் பச்சையெல்லாம் அவற்றின் வயிற்றுக்குட் போயிற்று. 1923 ஏப்ரலில் அமெரிக்க விஞ்ஞானிகளின் குழுவொன்று அங்கே சென்றபோது தீவு மணற்பாலையாகக் கிடந்தது; தேன்குருவிகள் மூன்றே எஞ்சியிருந்தன. அக்குழுவைச் சேர்ந்த டொனால்ட் டிக்கி அவற்றுள் ஒன்று பாடுவதைச் சலனப்படமாக எடுத்தார். சில நாட்களில் மணற்புயல் வீசியது. அந்த மூன்றும் மாண்டன. அவ்வினம் அத்தோடு முடிந்தது.

டிக்கியின் மீது குற்றஞ் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் போகாதிருந்தாலும் அக்குருவி மாண்டே இருக்கும். அவர் போனமையால் அது பாடியவாறு ஒரு சுருளிலாவது இருக்கின்றது. அக்குழுவினரே எஞ்சிய முயல்களையும் ஒழித்துத் தீவு மறுபடி பசுமை பெற வழிசெய்தனர். ஆயினும் எண்ணிப் பாருங்கள். அந்தச் சுருளிலே குருவி இருக்கின்றது. முயலைக் கொண்டுவந்த வியாபாரக் கணக்கு இல்லை. தொப்பிக்கு இறகு வாங்கிய நகரம் இல்லை. சுருளை மாத்திரம் பார்ப்பவனுக்கு அக்குருவி ஏதோ இயற்கையின் விதிப்படி மறைந்ததாகவே தோன்றும். ‘அந்தோ, எவ்வளவு அழகு!’ என்று ஒரு பெருமூச்சோடு காரியம் முடிந்துவிடும். உலகம் அறிந்தது உண்மையே. எதை அறிந்தது? அழிந்ததை அறிந்தது, அழித்ததை அறியவில்லை.

காரணத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு விளைவை மாத்திரம் அழகாகக் காட்டும் கலை, பார்ப்பவனின் இரக்கத்தைத் தூண்டி அவனது சினத்தைத் தூங்கவைக்கின்றது. இரக்கம் வேண்டாமென்பதன்று. இரக்கம் எவ்வாறு வழிதவறக்கூடும் என்பதற்கு நம் பழைய இலக்கியத்திலேயே ஒரு சான்று உண்டு. கடையெழு வள்ளல்களில் ஒருவனான பேகன், மயில் குளிரால் நடுங்குகின்றதென்று எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான். வகுப்பிலே இக்கதையைக் கற்பிக்கும்போது, மயிலுக்குப் போர்வை எதற்கு ஐயா என்று மாணவர் சிரிப்பர். பயன் கருதாத கொடை என்று நாமும் விளக்கம் சொல்லி மேலே செல்வோம். ஆனால் புறநானூற்றிலே அதே பேகனைப் பற்றிய வேறு சில பாட்டுக்களும் உள்ளன. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியோடு வாழ்ந்தான். அவள் கண்ணீரோடு இருந்தாள். கபிலரும் பரணரும் இன்னும் இரு புலவரும் அவனிடம் சென்று, எமக்குப் பரிசில் வேண்டாம், அவளிடம் செல்க என்று வேண்டினர். மயிலின் நடுக்கம் தெரிந்த கண்ணுக்கு மனையிலிருந்தவளின் கண்ணீர் தெரியவில்லை! பாடப்புத்தகத்தில் போர்வை மாத்திரம் இடம்பெறுகின்றது. புலவர்களோ இரண்டையும் சேர்த்தே பார்த்தனர். பேகனின் கொடையைப் புகழ்ந்த அதே நாவால் அவனது கொடுமையையும் சொன்னார்கள்.

அரிய பறவைக்குக் கசிகின்ற உள்ளம் அருகிலிருக்கும் மனிதனைக் காணாதிருப்பது பேகனோடு முடிந்த கதையன்று. மலையகத்தவராகிய நமக்கு அதில் ஒரு பட்டறிவே உண்டு. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமான ஜூலியா மார்கரெட் கமரன் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்கெல்லாம் பெயர் உண்டு: டெனிசன், டார்வின், ஹேர்ஷல். இலங்கையில் அவர் எடுத்த முகங்களின் கீழே பெயர் இல்லை; களுத்துறைக் குடியானவர், தோட்டத் தொழிலாளர் என்று இனங் குறிப்பதோடு சரி. அதே காலத்திற் கண்டியிலே படநிலையம் நடத்திய சார்ல்ஸ் ஸ்கோவன் பேராதனைப் பூங்காவின் மரங்களையும் எடுத்தார், தமிழ்ப் பெண்களையும் எடுத்தார். மரத்தைப் பற்றித் தாவரவியற் பெயராவது எழுதலாம். பெண் ‘தமிழ்ப் பெண்’தான். கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படம் அன்று தொட்டு இன்று வரை தேயிலைப் பெட்டியிலும் தபாலட்டையிலும் விமான நிலையச் சுவரிலும் இருக்கின்றது. அவள் உறங்கும் லயம் அப்படத்தில் இல்லை. அவளுடைய நாட்சம்பளம் இல்லை. அட்டை கடித்த கால் இல்லை. பச்சை மலையின் அழகுக்கு ஓர் அலங்காரமாக அவள் நிற்கின்றாள். இயற்கைக் காட்சியின் ஒரு பகுதியாக்கப்படுவது என்னவென்று நம் தாய்மாருக்குத் தெரியும். எனவே தீவிலே ஒரு பறவையின் படத்தைக் காணும்போது அதன் ஓரத்தில் வெட்டப்பட்டவர் யாரென்று தேட நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

இவ்வழியின் கடைசி எல்லை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்தமான் தீவுகள் காட்டின. அங்கே ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துச் செல்லும் பெருந்தெருவிலே, விலங்கைக் காணச் செல்வதைப் போல உல்லாசப் பிரயாணிகள் வாகனங்களிற் சென்றனர். 2012 ஜனவரியில் வெளியான ஒரு சலனப்படத்தில், உணவுக்காக ஜாரவாப் பெண்கள் ஆடவைக்கப்படுவதை உலகம் கண்டது. கமராவுக்குப் பின்னால் இருந்தவன் அதனைக் கொடுமை என்று எண்ணியே இருக்கமாட்டான். தொலைதூரத் தீவு, அரிய உயிர் என்ற இரு சொற்களும் அவன் கண்ணை முன்னமே பழக்கிவைத்திருந்தன. மனிதரையும் அவன் அக்கண்ணாலேயே பார்த்தான்.

நம் நாட்டில் நிலைமை அவ்வளவு கொடிதன்று. எனினும் சிந்திக்கவேண்டியவை உள. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்திலுள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. மாடப்புறாக்களால் அதற்கு அப்பெயர் வந்தது. அதைச் சூழ்ந்த ஆழமற்ற நீரிலே முருகைக்கற் பாறைகளும், கரிய நுனித் துடுப்புள்ள சிறு சுறாக்களும் உள்ளன. 2009இல் யுத்தம் முடிந்த பின் உல்லாசப் பிரயாணிகள் பெருந்தொகையாக வரத் தொடங்கினர். நீர்புகாக் கமராவோடு மிதப்பவர்களின் கால்கள் முருகையின் மேற் படுகின்றன. முருகை கல்லன்று, சிற்றுயிர்க் கூட்டமொன்று மிக மெதுவாகக் கட்டிய வீடு. ஒரு மிதியில் உடைவது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் செல்லும். பூங்காவின் எல்லைக்குள் மீன்பிடித்தல் தடை. மிதித்தல் கட்டணத்தோடு அனுமதி. முன்னர் வலை வீசியவர்களிற் சிலர் இன்று பிரயாணிகளை ஏற்றும் படகோட்டிகளாயினர். வெடிவைத்து மீன் பிடித்து முருகையைச் சிதைத்தவர்களும் கிழக்குக் கரை மீனவரிடையே இருந்தனர் என்பதை மறைப்பது நேர்மையன்று. ஏழை என்பதனாலேயே ஒருவன் கடலுக்குக் காவலனாகிவிடுவதில்லை. ஆனால் தடையின் முழுப் பாரத்தையும் வலைக்காரன் மீது சுமத்திவிட்டு, கமராக்காரனைக் கடலின் நண்பன் என்று வரவேற்கும் ஏற்பாட்டில் நீதி எங்கே இருக்கின்றது?

‘அப்படியானால் படமே வேண்டாம் என்கிறீரா?’ என்று ஒரு நண்பர் என்னிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டார். அன்று. 2021 மே 20ஆம் நாள் கொழும்புக்கு அப்பாற் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றிப் பின்னர் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலிற் கலந்தன. நீர்கொழும்புப் பக்கத்துக் கரைகளிலே வெண்மணிகள் முழங்கால் புதையக் குவிந்தன. நூற்றுக்கணக்கான ஆமைகளும், டொல்பின்களும், சில திமிங்கிலங்களும் இறந்து ஒதுங்கின. கடலுக்குப் போகவேண்டாமென்று தடுக்கப்பட்ட மீனவக் குடும்பங்கள் அடுப்பெரியாமல் இருந்தன. அந்நாட்களில் எடுக்கப்பட்ட படங்கள் அழகானவையல்ல. செத்த ஆமையும், கையில் அள்ளிய மணியும், கரையேற்றிய வள்ளமும் ஒரே சட்டத்துக்குள் இருந்தன. நட்டமே இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாதபடி அப்படங்கள் நின்றன. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. தீர்ப்பு படத்தினால் வந்ததென்று சொல்லமாட்டேன். விஞ்ஞானிகளும் வழக்காடியவர்களும் மீனவர்களும் பட்ட பாட்டினால் வந்தது. ஆனால் படம் அவர்கள் பக்கத்தில் நின்றது.

படம் யார் பக்கத்தில் நிற்கின்றது என்ற இக்கேள்வி எங்கள் ஊருக்கும் தெரியும். 2018 மார்ச் 5ஆம் நாள் திகனயிலே முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுத் தீயிடப்பட்டன; எரிந்த வீடொன்றில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். மறுநாள் நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அதுவரை எவரும் அறியாத எங்கள் சிற்றூரின் பெயர் ஒரு வாரத்துக்கு உலகச் செய்திகளில் அடிபட்டது. எரிந்த கூரையின் கீழ் நின்ற முதியவரின் முகம் எத்தனை கமராக்களிற் பதிந்ததோ! அப்படங்கள் தேவைப்பட்டன. அவை இல்லாவிட்டால் நடந்ததைச் சிறிதாக்கிப் பேச வாய்ப்பாகியிருக்கும். எனினும் கூரை மீண்டும் வேயப்பட்ட நாளிலோ, கடன் வாங்கிக் கடை திறந்த நாளிலோ படம் எடுக்க வந்தவர்களை நான் கண்டதில்லை. சாட்சியாக வந்தவன் விடுவிக்கப்படும் வரை இருக்கவேண்டும் என்ற நியதி நீதிமன்றத்தில் உண்டு, கமராவுக்கு இல்லை. மனிதருக்கே இதுவென்றால், ‘நீ எடுத்துக்கொண்டு போன பின் எனக்கு என்ன நேர்ந்தது தெரியுமா?’ என்று கேட்க வாயில்லாத ஆலாவுக்கு என்ன சொல்வது?

தங்கி நிற்பது இயலாத காரியமன்று. மன்னாரிலே காற்றாலைகள் நிறுவும் திட்டத்தையொட்டி எழுந்த போராட்டம் அதற்கொரு சான்று. மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வலசை வரும் பறவைகள் இந்தியக் கரையோரமாக வந்து இலங்கைக்குள் நுழையும் வாயில் அத்தீவு. பூநாரைகள் நிற்கும் வங்காலைச் சரணாலயம் அதன் அருகில் உள்ளது. அதானி நிறுவனத்தின் திட்டத்துக்கெதிராக 2024இல் சுற்றாடல் அமைப்புக்கள் உயர் நீதிமன்றம் சென்றன. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. எனினும் வேறு காற்றாலைகளையும் கனிமணல் அகழ்வையும் எதிர்த்து, அவ்வாண்டு ஓகஸ்டில் மன்னார் மக்கள் தெருவில் இறங்கினர். காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது தீங்கு என்று நான் வாதிடவில்லை. நிலக்கரிப் புகையை விட அது நன்று. யாரைக் கேட்டு, எவ்விடத்தில், யாருடைய இலாபத்துக்கு என்பதே கேள்வி. இங்கே பறவையை நேசித்தவர்களும் வலை இழுப்பவர்களும் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் நின்றனர். பூநாரையின் படம் அங்கே பெருமூச்சுக்குரிய பொருளாக இருக்கவில்லை. இது எங்கள் ஊர், இது எங்கள் பறவை என்று சொல்வதற்கு ஓர் ஆதாரமாயிற்று. அதே பூநாரை, அதே உவர்நீர், அதே சிவப்புச் சிறகு. விமானப் பயண விளம்பரத்தில் இருக்கும்போது அதற்கு வேறு பொருள். ஊர்மக்களின் கையிலிருக்கும் அட்டையில் வேறு பொருள்.

இந்த இடத்திலே கலைஞர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். தங்களை ஊர்வலத்துக்கு அழைக்கின்றேன் என்று எண்ணக்கூடும். பறவையின் சிறகில் ஒளி படும் விதத்தைக் காட்டுவதே தம் பணி, அரசியல் தம் வேலையன்று என்பர். சிறகில் ஒளி படுவதைக் காட்டட்டும். அது பெரிய பணிதான். அதற்காக ஆலாவை எழுப்பாமல், வெயில் தணிந்த வேளையில், தூரத்து வள்ளத்திலேயே இருந்து காட்டட்டும். முட்டையிடும் இடத்தின் பெயரை ஊரறியச் சொல்லாதிருக்கட்டும். நல்ல படம் கிடைக்காமற் போகலாம். கிடைக்காமற் போன படங்களையும் சேர்த்தே ஒரு கலைஞனின் தகுதியை நான் மதிப்பிடுவேன். இவற்றில் எதுவும் அரசியலன்று. விருந்துக்குப் போன வீட்டில் நடந்துகொள்ளும் முறைதான்.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய கண்காட்சிகளுக்குச் சென்றோர், படங்களின் கீழே ஒட்டியிருக்கும் சிறு துண்டுகளைப் படித்திருப்பர். பறவையின் இலத்தீன் பெயர் இருக்கும். வில்லையின் அளவும் ஒளித்துளையின் அளவும் நொடியில் எத்தனையில் ஒரு பங்கு என்பதும் இருக்கும். எடுத்தவரின் பெயர் இருக்கும். அலையின் ஓட்டமறிந்து விடியுமுன் அவரைத் திட்டுக்குக் கொண்டுபோனவனின் பெயர் இருக்காது. எந்தத் திட்டில் எம்மாதத்தில் எது முட்டையிடும் என்பதைத் தகப்பனிடமிருந்து கற்று அவருக்குச் சொன்னவனும் அவனே. கூட்டம் எழும்பாதபடி இயந்திரத்தை நிறுத்தித் துடுப்பு வலித்தவனும் அவனே. அடுத்த முறை அவ்வாறான மண்டபத்துக்குள் நுழையும்போது, அந்தச் சிறு துண்டில் அவன் பெயருக்கு ஒரு வரி இடம் விடப்பட்டிருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால் வாயிலில் வைத்திருக்கும் பார்வையாளர் குறிப்பேட்டில், படகோட்டியின் பெயர் என்ன என்று எழுதிவிட்டு வரலாம்.